லேசர்க் கண்ணின்மேல் வீண்பழி

காசிட்டுப் பொத்தானை அழுத்தினால் வேண்டிய பாட்டை இசைக்கும் ஜூக்பாக்ஸ் என்னும் பெட்டி அமெரிக்கர்க்கு மிக உவப்பானது. 1889ஆம் ஆண்டில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்து மதுச்சாலை யொன்றில், லூயிஸ் கிளாஸ் என்பார் காசிட்டுக் கேட்கும் போனோகிராபை அமைத்ததே அதன் தொடக்கம் என்பர். 1982ஆம் ஆண்டில் சி.டி. என்னும் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தபின், இப்பெட்டிகளும் நாளடைவில் ஊசியை விடுத்து லேசர் ஒளியால் வாசிக்கத் தலைப்பட்டன. 1990களில் விற்கப்பட்ட அத்தகைய பெட்டிகள் இன்றும் சில விடுதிகளிலும் அன்பர் இல்லங்களிலும் உள. அவற்றின் வாசிக்குங் கருவி இடறத் தொடங்கினால், செப்பஞ்செய்வோர் பலர் எடுத்த எடுப்பிலேயே கூறுவது, 'லேசர் போயிற்று' என்பதாம். அஃது ஆராயாத் தீர்ப்பு என்பது எமது துணிபு.

இதனால் வருங் கேடு சிறிதன்று. பிலிப்ஸ் கம்பெனியார் பல பெட்டிகளுக்கு அளித்த பழைய வாசிப்புறுப்புக்கள் இப்போது செய்யப்படுவதில்லை. நல்லதொன்றைக் கழித்துவிட்டால், மாற்றாக வருவது பெரும்பாலும் வேறொரு பழம்பெட்டியினின்று கழற்றியதாகவே இருக்கும்.

கருவி தொழிற்படும் முறையை நோக்குக. தட்டு வந்தமர்ந்தவுடன், வில்லை மேலுங் கீழுமாய் அசைந்து குவியத்தைத் தேடும். அது கிடைத்த பின்னரே பெரும்பான்மையான கருவிகளில் மோட்டார் தட்டைச் சுழற்றும். பின்னர் உள்விளிம்பிலுள்ள பாட்டட்டவணையைப் படித்து, அங்கிருந்து வெளிப்புறமாகச் செல்லும். ஆதலின், தட்டுச் சுழலாமை கண்ட மாத்திரத்தில் மோட்டாரையாதல் லேசரையாதல் பழித்தல் தகாது. இல்லங்களிலுள்ள கருவியில் நாமே தட்டை வைக்கிறோம்; இங்கோ ஓர் இயந்திரக் கை வைக்கிறது. அக்கை சிறிது கோணினும், தட்டைப் பற்றும் ரப்பர் இற்றுப்போயினும், குவியம் கிட்டாது. விடுதியின் புகையும் சமையலறை எண்ணெய்ப் பசையும் வில்லையிற் படிந்திருத்தலும் உண்டு. பஞ்சில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தோய்த்து மெல்லத் துடைத்தாற் போதும்.

ஒரு தட்டு மட்டும் இடறினால் குற்றம் தட்டினுடையது. முற்பாட்டுக்கள் செவ்வனே ஒலித்துப் பிற்பாட்டுக்கள் தடுமாறினால், சுழல்மேடையின் சாய்வை ஐயுறுக. வெளிவிளிம்பிலன்றோ ஆட்டம் மிகுதி! குளிர்ந்திருக்கையில் நன்கு பாடி வெப்பமேறியபின் ஓய்ந்தால், விரிந்த ஈயப்பற்றுக்களையும் மின்வழங்கியில் உலர்ந்த மின்தேக்கிகளையும் பார்க்கவேண்டும். ஐந்து வோல்ட் வரவேண்டிய இடத்தில் அது குறைந்தோ நடுங்கியோ வருமாயின், பழுதற்ற லேசரும் பழுதுற்றது போலவே நடக்கும்.

தமிழ் பயில்வார்க்கு இயந்திர விசாரணை எற்றுக்கு என நகைப்பார் உளர். ஏட்டில் ஒரு சொல் பொருந்தாதவழி, எழுதினோன் கைப்பிழையையும் செல்லரித்த துளையையும் நோக்காது, புலவன் பாட்டையே திருத்திவிடும் பதிப்பாளரை நாம் அறிவோம். இவரும் அவரும் ஓரினமே.

இன்னும் தீயது ஒன்றுண்டு: லேசரின் வலிமையை அளவுபடுத்துஞ் சிறு திருகை முடுக்கிவிடுதல். சில நாள் பெட்டி பாடும். உரிமையாளரும் மகிழ்ந்து கூலி கொடுப்பார். ஆனால் மிகைமின்னோட்டத்தால் அவ்வுறுப்பு விரைவில் தேய்ந்தொழியும். அப்போது 'லேசர் போயிற்று' என்னும் வாய்மொழி மெய்யாகவே பலித்துவிடும்.