மணி யாருக்கு அடிக்க வேண்டும்?

காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலை. வல்வில் ஓரியின் மலை என்று வகுப்பறையில் நாம் பெருமையோடு சொல்லும் அம்மலையில், ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசிக் கம்பி வந்து சேர்வது தொண்ணூறுகளில் எளிய காரியமன்று. அப்படி வந்த ஒற்றைக் கம்பியின்மீது மூவர் உரிமை கோரினர்: பேச விரும்பும் மனிதர், தொலைநகல் கருவி, கணினியின் மோடம். மூவருக்கும் நடுவே அமர்ந்து வழக்குத் தீர்த்த சிறு பெட்டி ஒன்றை அங்கே கண்டோம். அது கடைப்பிடித்த ஒரு நெறியை நாம் பின்னர் இழந்துவிட்டோம் என்று தோன்றுவதால் இதை எழுதுகிறோம்.

அழைப்பு வந்தவுடன், அறையில் மணி அடிக்குமுன் பெட்டி தானே அதை எடுத்துவிடும். அக்கணமே அழைத்தவரின் எஸ்.டி.டி. கட்டணம் ஓடத் தொடங்கும் என்பது அதன் குறை. மறுமுனைக்கு மணியோசை போன்ற ஒன்றை ஒலித்தபடி சில நொடிகள் செவிமடுக்கும். தொலைநகல் கருவி 1100 ஹெர்ட்ஸில் அரை நொடி கூவும், மூன்று நொடி ஓயும். அதை அடையாளம் காண்பது எளிது. மோடத்துக்கும் 1300 ஹெர்ட்ஸில் ஓர் அழைப்பொலி வகுக்கப்பட்டிருந்தது. ஆனால் பல மோடங்கள் அதை எழுப்புவதில்லை. எடுத்த முனையே 2100 ஹெர்ட்ஸில் முதலில் ஒலிக்கட்டும் என்று வாய்மூடிக் காத்திருக்கும். பெட்டியும் காக்கும், மோடமும் காக்கும்.

இம்முட்டுக்கட்டைக்குக் கண்ட வழி சுவையானது. அழைக்கும் கணினியில், தொலைபேசி எண்ணுக்குப் பின் சில காற்புள்ளிகளையும், அவற்றின்பின் ஓரிரு இலக்கங்களையும் சேர்த்தனர். ஹேய்ஸ் வகை மோடங்களுக்குக் காற்புள்ளி என்றால் இரண்டு நொடி மௌனம். காற்புள்ளியில் ஒரு மாத்திரை நிறுத்துக என்று கற்பிக்கும் நமக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி. மௌனம் முடிந்ததும் இலக்கங்கள் தொனியாக ஒலிக்கும். பெட்டி அதைக் கேட்டு அழைப்பை மோடத்துக்குத் திருப்பும்.

எந்த ஒலியும் வராவிட்டால்? அப்போது மேசைமேல் தொலைபேசி மணி அடிக்கும். பெட்டியை வேறு விதமாகவும் அமைத்திருக்கலாம். அங்கே அப்படித்தான் அமைத்திருந்தனர். பழைய சுழல்வட்டுத் தொலைபேசியிலிருந்து அழைப்பவரால் தொனி எழுப்ப இயலாது. எழுத்தறியாத முதியவருக்குக் குறியெண் தெரியாது. அவர்கள் எதையும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. இயந்திரம்தான் தன்னை இயந்திரமென்று அறிவிக்க வேண்டும். ஐயம் எழுந்தால் வழி மனிதருக்கு.

இப்போட்டியையே ஒழிக்கும் முயற்சிகளும் நடந்தன. 1990களில் சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லா இணைப்பு, பேச்சையும் நொடிக்கு 35 கிலோபிட் இணையத்தையும் ஒரே நேரத்தில் தந்தது. இரண்டையும் இணைப்பகத்திலேயே பிரித்துவிட்டது. ஆனால் கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையே நேர்ப்பார்வை வேண்டும். மடிப்பு மடிப்பான மலையில் அது எளிதில் வாய்ப்பதில்லை.

இன்று கம்பியும் பெட்டியும் போய்விட்டன, நெறி தலைகீழாகிவிட்டது. வங்கியையோ எரிவாயு முகமையையோ அழைத்தால் பேசுவது இயந்திரம்; இலக்கங்களை அழுத்தித் தம்மை மெய்ப்பிக்க வேண்டியவர் மனிதர். இலட்சக்கணக்கான அழைப்புகளை மனிதரே எடுக்க இயலுமா என்று கேட்கலாம். எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம். எதையும் அழுத்தாதவரை எங்கே அனுப்புவது என்பதே நமது கேள்வி. பல அமைப்புகள் பட்டியலை மறுபடி ஒப்பித்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கின்றன. சிக்னல் கிடைக்கும் மேடு தேடி நடந்து வந்து அழைக்கும் மலைவாழ் முதியவருக்கு, அந்தத் துண்டிப்பு அரை நாள் இழப்பு.

அவரிடமிருந்து எந்த இலக்கமும் வராதபோது எங்கோ ஒரு மேசையில் மணி அடிக்க வேண்டும். ஒரு சிறு பெட்டி செய்ததைப் பெரும் நிறுவனங்களிடம் கேட்பது பேராசையாகாது.