வடக்குப் பார்த்த ஜன்னல்

போன ஆடிப்பெருக்கன்று, செங்கல்லால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்த கொத்தமல்லி விதையை நாலு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஜன்னல் திண்டில் வைத்தேன். பத்தாம் நாள் முளை வந்தது. மாசம் ஒன்று முடிவதற்குள் அத்தனையும் வெளிறி, நூல் மாதிரி நீண்டு, கம்பிக்கு வெளியே தலையை நீட்டிச் சாய்ந்துவிட்டன. நோன்புக்கு இருட்டறையில் வளர்க்கிற முளைப்பாரிதான் அப்படி மஞ்சளாய் நெடுநெடுவென்று நிற்கும். முளைப்பாரிக்கு அது அழகு. ரசத்துக்குக் கிள்ளிப் போடும் மல்லிக்கு அது சாவு.

விதையில் குறையில்லை. எங்கள் லைன் வீட்டுக்கு ஒரே ஜன்னல், வடக்குப் பார்த்தது. எங்கள் ஊர் மடத்துக்குளத்தில் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி இரண்டாம் வாரம் வரைக்கும்தான் உச்சி வெயில் வடக்கே சாயும். அதற்கு மேல் தெற்கே இறங்கிவிடும். புரட்டாசி முதல் வாரத்தோடு காலை வெயில்கூடக் கிடையாது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னார்கள் பெரியவர்கள். காட்டுக்கு அது சரி. இந்த ஜன்னலில் ஆடியில் விதைத்தால், செடி இலை விடும் நேரத்தில் வெயில் போய்விடுகிறது. மல்லியே இப்படி என்றால், ஆறு மணி நேர வெயில் கேட்கிற குட்டித் தக்காளியை எங்கே வைப்பது?

யாரைக் கேட்டாலும் மொட்டை மாடி என்கிறார்கள். மாடி எங்களுக்கில்லை, ஓட்டுக் கூரை. வீட்டுக்கார அம்மாவோ, "ஏனம்மிணி, செவுரு ஓதம் அடிக்குது, டப்பாவையெல்லாம் எடுத்துப் போடு" என்கிறார். அடியில் தட்டு வைத்திருக்கிறேன், ஒரு சொட்டு கீழே விழாது. சொன்னால் கேட்பதில்லை. வாசலில் வைக்கலாமென்றால் ஆடு விடாது. ஏழு மணிக்குக் கம்பெனி வேன் ஏறினால் இருட்டித்தான் இறங்குகிறேன். டப்பாவை வெயிலோடு நகர்த்தி வைக்க வீட்டில் ஆளில்லை.

தென்னை நார்க் கட்டி ஒன்றும் வாங்கினேன். ஊறவைத்துப் பழுப்புத் தண்ணீர் தெளியும் வரை நாலைந்து முறை அலசினால்தான் உப்பு போகும் என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெந்தயக் கீரையின் இலை ஓரமெல்லாம் தீய்ந்த பிறகுதான் தெரிந்தது. சுற்றிலும் தென்னந்தோப்பு, அமராவதித் தண்ணீர் பாயும் நெல்லும் கரும்பும். இத்தனை பச்சைக்கு நடுவில் இருந்துகொண்டு, வேன் இறங்கி, வாடிப்போன மல்லிக் கட்டுக்குக் காசு கொடுக்கிறேன். ஒரு காலத்தில் காய் வாங்கினால் கொசுறாகக் கிடைத்தது அது.

வாடகைக்கு விட வரிசையாய் வீடு கட்டுகிறவர்களே, தெற்குச் சுவரில் ஒரு ஜன்னல் வையுங்கள், ஒரு அடி அகலத் திண்டோடு. ஐப்பசியிலிருந்து பங்குனி வரை அதில் வெயில் விழும். நாலு டப்பா வைக்க அந்த இடம் போதும். வாடகையில் ஐம்பது ரூபாய் கூடக் கேளுங்கள், கொடுக்கிறேன்.