கோழிக்கூடும் கீரிப்பிள்ளையும்

பாவூர்சத்திரத்தில் கோழிக்கூடு கட்ட சாமான் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. திருநெல்வேலி - தென்காசி ரோட்டில் பஸ்ஸில் போகிறவருக்கே தெரியும், ஊரைச் சுற்றி எத்தனை மர அறுவை மில்கள் என்று. ஓரப் பலகை, துண்டுக் கட்டை, சீவல், மரத்தூள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். காய்கறி மார்க்கெட்டும் பக்கத்திலேயே இருப்பதால் கழித்துப் போடும் கீரைக்கும் குறைவில்லை. இவ்வளவு இருந்தும் காலையில் எழுந்து புறவாசலுக்குப் போனால் இறகு மட்டும் சிதறிக் கிடக்கிற கதை வீட்டுக்கு வீடு உண்டு. ஏன்?

கேட்டால் உடனே பதில் வரும். "கீரி தூக்கிட்டுப் போயிட்டு!" வழக்கு முடிந்தது, தீர்ப்பும் எழுதியாயிற்று. ஆனால் ஒரு சின்ன சிக்கல். நம் ஊர்ப் பக்கம் சாதாரணமாகக் காணும் சாம்பல் கீரி பகலில் இரை தேடுகிற விலங்கு. ராத்திரி அது தன் வளையில் தூங்கிக் கொண்டிருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு நடந்த கொலைக்குத் தூங்கிக் கொண்டிருந்தவன் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டால் எப்படி? :)

இது வெறும் கீரிக்கு வக்காலத்து இல்லை. வந்தது யார் என்று தெரியாமல் கூடு கட்டுவதால்தான் கட்டிய கூடெல்லாம் வீணாகப் போகிறது. தென்னையும் பனையும் ஏறி ஓட்டுக்கூரை வழியாக இறங்குவது மரநாய். வயல் வரப்பிலும் குளத்துப் புதரிலும் குடியிருந்து கருக்கலில் கிளம்புவது காட்டுப்பூனை. ராத்திரி தரையோடு தரையாக வருவது புனுகுப்பூனை. இவை போக நல்ல பாம்பு, சாரை, பெருச்சாளி. எல்லாவற்றுக்கும் மேலே தெரு நாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. ஒன்று மேலே ஏறும், ஒன்று கீழே தோண்டும், ஒன்று இடுக்கில் நுழையும், ஒன்று பல்லால் கிழிக்கும். நான்கையும் யோசிக்காமல் கட்டுகிற கூட்டில் மூன்று பக்கம் கோட்டைச் சுவர், நான்காவது பக்கம் திறந்த வாசல்.

தடயம் பார்த்தாலே ஓரளவு கண்டுபிடித்து விடலாம். முட்டை ஓடு கூட மிச்சமில்லாமல் காணோம் என்றால் பெரும்பாலும் பாம்பு. அது முழுசாக விழுங்கும். உடைந்த ஓடு கிடந்தால் கீரியோ பெருச்சாளியோ இருக்கலாம். கழுத்திலும் தலையிலும் கடிபட்டு உடம்பு அப்படியே கிடந்தால் மரநாயையும் பூனை வகையையும் சந்தேகப்படலாம். வலையே பிய்ந்து தொங்கினால் நாய்தான், வேறு யாருக்கும் அவ்வளவு முரட்டுத்தனம் இல்லை.

அடுத்தது அந்த வலை. கடையில் "கோழிவலை" என்று கேட்டால் அறுகோணக் கண் வைத்த, முறுக்கிப் பின்னிய மெல்லிய கம்பி வலையைச் சுருட்டிக் கொடுப்பார்கள். 1844-இல் இங்கிலாந்தில் நார்விச் நகரத்து இரும்பு வியாபாரி சார்ல்ஸ் பர்னார்ட் என்பவர், துணி நெய்யும் தறியைப் பார்த்து இந்த வலை பின்னும் இயந்திரத்தை உருவாக்கினார். நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் இந்த வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவே. நாய் உள்ளே வராமல் தடுக்கும் வலு அதற்குக் கிடையாது. ஒரு இடத்தில் முறுக்கு அறுந்தால் போதும், ஓட்டை பெரிதாகிக் கொண்டே போகும். பேரே கோழிவலை என்பதால் இது போதும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

வாங்க வேண்டியது வெல்டு மெஷ். அரை அங்குலச் சதுரக் கண், சந்திப்பெல்லாம் பற்றவைத்தது. வாங்கும்போது கேஜ் நம்பரையும் கேட்க வேண்டும். நம்பர் கூடினால் கம்பி மெலியும் (பலரும் தலைகீழாக நினைத்துக் கொண்டு 22 கேஜை வாங்கிப் பெருமையோடு வீட்டுக்கு வருவார்கள்). அரை அங்குலக் கண்ணில் குட்டிப் பாம்பு வேண்டுமானால் நுழையலாம், ஆனால் முட்டையை விழுங்கும் அளவுப் பாம்பு நுழையாது. வலையைச் சின்ன ஆணியடித்து மடக்கி விட்டால் மரநாய் இழுத்தே கழற்றிவிடும். மேலே ஒரு ரீப்பர் வைத்துத் திருகாணி போட்டு இறுக்க வேண்டும்.

கீழே தோண்டுகிறவனுக்கு ஒரு எளிய தந்திரம் உண்டு. சுவரடியில் ஆழமாகப் பள்ளம் வெட்டி வலையைப் புதைப்பது முதுகொடிக்கிற வேலை. அதற்குப் பதிலாக கூட்டைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்க வைத்து, சுவரோடு கட்டி, மேலே மண்ணும் கல்லும் போட்டு விட்டால் போதும். தோண்டுகிற விலங்கு சுவர் ஓரத்தில்தான் கால் வைக்கும். வலை தட்டும். ஒன்றரை அடி பின்னால் போய் அங்கிருந்து தோண்டலாம் என்கிற யோசனை அதற்கு வருவது அபூர்வம். அல்லது கல்தூண் நட்டு இரண்டரை, மூன்று அடி உயரத்தில் கூட்டை ஏற்றி விடலாம். தூணைச் சுற்றித் தகரத்தை வழுக்கலாகக் கட்டினால் எலியும் ஏறாது.

மில் பலகை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஓரப் பலகை மலிவு என்று பட்டையோடு அடித்து விட்டால், அந்தப் பட்டை இடுக்குதான் உண்ணிக்குப் பங்களா. பகலெல்லாம் ஒளிந்திருந்து ராத்திரி கோழியின் ரத்தத்தைக் குடிக்கும். பட்டையை உரித்துவிட்டு, இடுக்கில் சுண்ணாம்பு அடித்த பிறகே பயன்படுத்த வேண்டும். தரையோடு படும் மரம் கறையானுக்குத் தீனி. அங்கே நாலு வரிசை செங்கல் வைப்பது புத்திசாலித்தனம். தரையில் விரிக்க நைசான மரத்தூளை விடச் சீவல் நல்லது. தூளைக் குஞ்சுகள் கொத்தித் தின்னும், மூச்சிலும் ஏறும்.

திசையும் முக்கியம். மற்ற ஊர்க்காரர்கள் எழுதியதைப் படித்து அப்படியே கட்டினால் இங்கே சரிவராது. ஜூன் தொடங்கி குற்றாலத்தில் சீசன் என்று ஊரே கொண்டாடும்போது, செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று தகரத்தைப் பிய்த்துக் கொண்டு போகும். மேற்குப் பக்கம் அடைத்த சுவர், கிழக்குப் பக்கம் வலை. ஐப்பசி, கார்த்திகையில் மழை கிழக்கிலிருந்து வருவதால் அந்தப் பக்கம் கூரையை இரண்டடி நீட்டி விட வேண்டும். காற்றே புகாமல் அடைத்துக் கட்டுவதும் தப்பு, எச்சத்தின் நெடியில் கோழிக்குச் சளி பிடிக்கும்.

"பத்துக் கோழிக்கு இவ்வளவு செலவா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கணக்கை வேறு மாதிரியும் போடலாம். ஒரு சிறுவிடைப் பெட்டை 21 நாள் அடைகாத்து, அப்புறம் இரண்டு, மூன்று மாதம் குஞ்சுகளைக் கூட்டிக் கொண்டு மேய்கிறது. அந்தப் பெட்டையை ஒரு ராத்திரி இழந்தால் போவது ஒரு கோழி இல்லை, நாலு மாத உழைப்பு. அது யாருடைய பணம்? பெரும்பாலும் ஆச்சிகளும் அம்மாக்களும் சேர்க்கிற சிறுவாட்டுப் பணம். பீடி சுற்றுகிற கூலி வீட்டுச் செலவுக்குப் போய்விட, முட்டை விற்ற காசுதான் அவர்கள் கையில் தங்குவது. கிராமத்துப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு இலவசமாகவும் மானியத்திலும் தரும் திட்டங்களைத் தமிழக அரசு நடத்தியிருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். எத்தனை குஞ்சு கொடுத்தார்கள் என்பது பேப்பரில் வருகிறது. அதில் எத்தனை ஆறு மாதம் கழித்து உயிரோடு இருந்தது என்பதும் வந்தால்தானே முழுக்கதை தெரியும்?

செலவைக் குறைக்க வழியும் இருக்கிறது. பகலில் மேயும் கோழிக்குப் பெரிய கொட்டகை தேவையில்லை. ராத்திரி அடைய ஒரு பறவைக்கு ஒன்று, ஒன்றரை சதுர அடி போதும். பத்துக் கோழிக்கு நாலடிக்கு மூன்றடி என்று சின்னதாக, ஆனால் கெட்டியாக ஒன்று. பகலில் பருந்து, வல்லூறு, காக்கை, கீரி இவர்களிடமிருந்து குஞ்சைக் காப்பாற்ற நம் பழைய பஞ்சாரமே இருக்கிறது. பஞ்சாரத்தை ராத்திரி வெளியில் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுத் தூங்கப் போவதுதான் ஆபத்து.

விஷம் வைக்கிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு கோழி போன ஆத்திரத்தில் செத்த கோழிக்குள் குருணை மருந்தைத் திணித்து வைக்கிறார்கள். தின்பது பக்கத்து வீட்டு நாயாகவும் இருக்கலாம், எதிர் வயல் மயிலாகவும் இருக்கலாம். கீரி, காட்டுப்பூனை, மரநாய், சாரை எல்லாமே 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறவை, கொல்வது குற்றம். அதோடு ஒரு கீரி போன இடத்தில் எலியும் பாம்பும் கூடும். பஞ்சதந்திரத்தில் குழந்தையைப் பாம்பிடமிருந்து காப்பாற்றிய கீரியை அவசரப்பட்டுக் கொன்ற கதை எல்லோரும் படித்ததுதான்.

"தின்றது ஒன்று, கொன்றது எட்டு, இது வெறி பிடித்த மிருகம்" என்கிற பேச்சும் உண்டு. ஹான்ஸ் குரூக் என்ற விலங்கியலாளர் 1972-இல் இதைப் பற்றியே எழுதினார். இங்கிலாந்தில் கும்மிருட்டு ராத்திரிகளில் கடற்புள்களை நரிகள் தேவைக்கு மேல் கொன்று போட்டதை அவர் ஆராய்ந்தார். இரை தப்பி ஓடாமல் அங்கேயே இருந்தால் கொல்லும் வேகம் நிற்பதில்லை. ஓட்டையுள்ள கூடு அந்த மாதிரி இடம்தான். கோழி வெளியே ஓடவும் முடியாது, எதிரி உள்ளே வரவும் தடையில்லை. அதற்குக் கூடே கட்டாமல் வேப்பமரத்துக் கிளையில் அடைய விடுவது மேல்!

கடைசியாகக் கதவு. வெறும் கொக்கி போதாது, நாய் மூக்கால் தட்டினால் கழன்றுவிடும். நாதாங்கியில் கம்பி செருகி முறுக்க வேண்டும். மிச்சத் தீவனத்தை உள்ளே விட்டால் எலி வரும், எலி பின்னால் பாம்பு வரும், அதையும் எடுத்துவிட வேண்டும். கருக்கல் நேரத்தில் கோழி தானாகவே கூட்டுக்குள் போய்விடும், யாரும் துரத்த வேண்டாம். எண்ணிப் பார்த்துக் கதவைச் சாத்த ஒரு ஆள் வேண்டும், தினமும், தவறாமல். வீட்டில் அந்த ஆள் யார் என்பதைப் பலகை வாங்கும் முன்னாலேயே பேசி வைத்துக் கொள்வது நல்லது. "அவன் சாத்தியிருப்பான்னு நெனச்சேன்" என்ற வாசகத்துக்கு எந்த வெல்டு மெஷ்ஷும் தாங்காது.