யாருடைய கல்லீரல், யாருடைய சரக்கு?

சுண்ணாம்புக் காளவாயைப் பெயரிலேயே சுமக்கும் சுனாபட்டியில் காசநோயாளிக்கு மாத்திரை அளப்பது எடைக்கருவி. அவரது கல்லீரலைக் கேட்பாரில்லை. காசநோய் மருந்தான ஐசோனியாசிட்டைச் செயலிழக்கச் செய்யும் நாட்-2 என்னும் கல்லீரல் நொதி சிலரிடம் விரைந்தும் சிலரிடம் மெதுவாகவும் இயங்குகிறது. மெதுவாயின், மருந்து உடலில் தங்கி நரம்பையும் கல்லீரலையும் தாக்கும் வாய்ப்பு மிகுதி. விரைவாயின், வாரம் ஒருமுறை தரும் மருந்து போதாதென்று கண்டறிந்தது 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் மருத்துவ ஆய்வு மையம். அவ்வறிவுக்கு உடலை ஈந்தோர் சென்னையின் ஏழைகள்.

இன்று அதே நொதியின் மனித மரபணுவைப் பாக்டீரியாவில் புகுத்தி வளர்த்து, மைக்ரோகிராம் கணக்கில் குப்பியிலிட்டு, 'ஆய்வுக்கு மட்டும்' என்ற முத்திரையுடன் விற்கின்றன பன்னாட்டு நிறுவனங்கள். மருந்தாய்வுக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் 2025-க்குள் காசநோயை ஒழிப்பதாக முழங்கிய ஒன்றிய அரசு, நோயாளியின் நாட்-2 வகையை அறியும் மரபணுச் சோதனையை ஏன் வழக்கமாக்கவில்லை? சந்தை தருமாம்! தாராவியின் தோல் தொழிலாளி எந்தச் சந்தையில் அதை வாங்குவார்?

சில கிலோமீட்டர் தொலைவில், பரேலில், ஹாஃப்கின் நிறுவனம் நிற்கிறது. பிளேக் தடுப்பூசி தயாரித்த மரபு அதனுடையது. நொதியை அங்கே உற்பத்தி செய்க. சோதனையை மாநகராட்சி மருத்துவமனைகளில் இலவசமாக்குக.