பண்ணித்தமிழ் வாயில் ஆங்கிலமும் நில்லாது

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி, விடுதலைப் போராளி சுப்பிரமணிய சிவா 1925 சூலை 23-ஆம் நாள் உயிர்நீத்த ஊர். சிறை தந்த தொழுநோய் உடலைத் தின்னத் தின்ன, ஊர் ஊராய் நடந்து மக்களை எழுப்பிய அவ்வீரர்க்கு அங்கே நினைவிடம் உண்டு. ஆனால் அவர் வாழ்வில் தமிழர் மறந்துவிட்ட வேறொரு செய்தியும் உண்டு. தாம் நடத்திய 'ஞானபாநு' இதழில் 1915-ஆம் ஆண்டு, வடசொல் கலவாத தமிழில் கட்டுரை வரைவார்க்கு 5 உருபா பரிசு என்று அவர் அறிவித்தார். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்ட 1916-க்கும் ஓராண்டு முற்பட்டது அவ்வறிவிப்பு. இதழின் பெயரே வடசொல்லாய் இருக்க, அதன் பக்கத்தில் அப்படி ஓர் அறிவிப்பு வெளிவந்தமை எண்ணி மகிழத்தக்கது!

அவர் கண்மூடிய மண்ணில் இற்றை நாள் நிகழ்வது யாது? தமிழகத்தின் மற்றைச் சிற்றூர்களிற் போலவே, விடியற்காலையில் ஆங்கிலவழிப் பள்ளிகளின் ஊர்திகள் வந்து நிற்கின்றன. கழுத்துப் பட்டை இறுக்கிய மூன்று அகவைக் குழந்தைகள் அவற்றில் ஏற்றப்படுகின்றனர். வானம் பார்த்த காட்டில் கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் விளைவித்துக் கடன்பட்ட பெற்றோர், தம் மக்களேனும் பெங்களூரில் நாற்காலியில் அமர்ந்து பிழைக்கட்டும் என்று கருதியே இதனைச் செய்கின்றனர். அவ்வேட்கையைப் பழித்தல் முறையன்று. பழிக்கத்தக்கது, அவ்வேட்கையை விலையாக்கி அவர்களிடம் விற்கப்படும் பொய். தமிழை எட்ட வைத்தால் ஆங்கிலம் கிட்ட வரும் என்பதே அப்பொய்.

ஆங்கிலத்தை அயன்மொழியாய்க் கற்பவர் தமிழர் மட்டுமல்லர். எசுப்பானியம் பேசும் மக்களை எடுத்துக்கொள்க. எசுப்பானியாவிலும் நடு, தென் அமெரிக்க நாடுகளிலும் வாழும் அவர்களும் பிழைப்புக் கருதி ஆங்கிலம் பயில்கின்றனர். அவர்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு பெரிது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்களும், அடுத்தடுத்து இலத்தீனச் சொற்களும் ஆங்கிலத்துள் வெள்ளமாய்ப் புகுந்தன. இன்று ஆங்கில அகரமுதலியில் பாதிக்கு மேற்பட்டவை அவ்வழி வந்த சொற்களே. எசுப்பானியமோ இலத்தீனத்தின் மகள். ஆகவே, தன் மொழியில் 'நாசியோன்' என்று நாட்டைச் சொல்பவனுக்கு ஆங்கிலத்து 'நேசன்' உறவுக்காரனாய்த் தெரிகிறது.

உறவு சிலபோது ஏய்க்கவும் செய்யும். எசுப்பானியத்தில் 'இலிப்ரேரியா' என்பது நூல் விற்கும் கடை. அதே ஒலியுடைய ஆங்கிலச் சொல்லோ நூலகத்தைக் குறிக்கும். 'எம்பராசாதா' என்றால் கருவுற்றவள். அதனை ஒத்த ஆங்கிலச் சொல்லுக்கு நாணிக் கூசிய நிலை என்று பொருள். கூசினேன் என்று சொல்லப்போந்த ஆங்கிலேயப் பெண், எசுப்பானியர் அவையில் தான் கருவுற்றதாய்ச் சொல்லி முடிப்பாள்! இவற்றைப் பொய்ந்நண்பர் என்று மொழியாசிரியர் வகைப்படுத்தி, எசுப்பானியத்தோடு ஒப்பிட்டே எச்சரிக்கின்றனர். அவ்வாறு ஒப்பிட அவர்களிடம் தம் மொழியிலக்கணம் இருக்கின்றது. நெபிரிகா என்னும் அறிஞர் 1492-ஆம் ஆண்டிலேயே எசுப்பானியத்துக்கு இலக்கணம் எழுதி அரசியின் கையில் கொடுத்துவிட்டார்.

1492 என்ன பழமை! தமிழ்க் குழந்தைக்குத் தொல்காப்பியர் விட்டுச் சென்ற முதுசொத்து அதனினும் எத்துணையோ நூற்றாண்டு மூத்தது. சொல்லளவில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உறவில்லை என்பது உண்மை. கட்டுமரம், சுருட்டு, மாங்காய், மிளகுதண்ணீர் என ஆங்கிலேயர் நம்மவரிடம் பெற்றுச் சென்ற சில சொற்கள் ஏணியாகா. ஆனால் இலக்கணத்தில் ஏணி உண்டு. சில படிகளில் எசுப்பானியனுக்கு இல்லாத ஏணியே உண்டு.

எசுப்பானியத்தில் மேசை பெண்பால், நூல் ஆண்பால். உயிரற்ற பொருளுக்கெல்லாம் பால்கற்பித்துப் பழகியவன், ஆங்கிலத்தில் எல்லாப் பொருளும் 'அது' எனப்படுவதைக் கண்டு தடுமாறுகிறான். அவன், அவள், அது என்று பொருள்நோக்கித் திணைபால் வகுத்த தமிழனுக்கு அங்கே தடையே இல்லை. எசுப்பானியன் 'வீடு வெள்ளை' என்று அடையைப் பெரும்பாலும் பின்வைப்பான். தமிழன் 'வெள்ளை மாடு' என்று ஆங்கிலத்தைப் போலவே முன்வைக்கிறான். இன்னும் ஒன்று வியப்புக்குரியது. உயிரெழுத்து முன் 'ஓர் ஆடு' என்றும் மெய் முன் 'ஒரு மாடு' என்றும் தமிழில் வழங்கும். 'எ', 'ஆன்' என்னும் ஆங்கிலச் சுட்டிரண்டும் இதே நெறியில், உயிரொலி முன் 'ஆன்' எனவும் பிற இடத்து 'எ' எனவும் நிற்கின்றன. இரண்டும் 'ஒன்று' என்னும் பொருளில் தோன்றியவை என்பதும் ஒப்பு. எங்கே இடுவது, எங்கே விடுவது என்பது வேறு பாடம். எதை இடுவது என்பதையோ 'ஓர்' அறிந்த பிள்ளைக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் இற்றைப் பிள்ளைக்கு 'ஓர்' தெரியுமா? 'ஒரு ஊர்' என்றே எழுதுகிறான். அவன் ஆசிரியரும் அப்படியே எழுதுகிறார்.

எசுப்பானியனும் தமிழனும் ஒருங்கே இடறும் இடமும் உண்டு. 'வந்தான்' என்னும் ஒரே சொல்லில் வந்தவன் ஆண், ஒருவன், படர்க்கை என்பவை அனைத்தும் விகுதியால் விளங்கிவிடும். எசுப்பானியத்து 'வினோ' என்பதும் இடமும் எண்ணும் காட்டும். பால் மட்டும் காட்டாது. ஆகையால் இருவரும் ஆங்கிலத்தில் எழுவாயை விட்டுவிட்டு 'நேற்று வந்தான்' என்பது போலவே வாக்கியம் அமைத்துப் பிழைபடுகின்றனர். 'ஆங்கில வினைக்கு விகுதி தேய்ந்துவிட்டது. விகுதி செய்யவேண்டிய வேலையைத் தனிப்பெயர் முன்னின்று செய்கிறது' என்று ஒரு தமிழாசிரியர் ஒரு நொடியில் விளக்கிவிடுவார். அவ்வாறே, 'பெட்டியில்' என்பதன் 'இல்' உருபு பெயருக்குப் பின்னே நிற்க, ஆங்கிலத்தில் அப்பொருள் தரும் சொல் பெயருக்கு முன்னே போய் நிற்கிறது என்பதும், 'நேற்று வந்த பையன்' என்னும் பெயரெச்சத் தொடர் ஆங்கிலத்தில் பையனை முன்வைத்துத் தலைகீழாய்த் திரும்பும் என்பதும் தமிழிலக்கணம் கற்றார்க்குக் கைவந்த பாடங்கள். விகுதி இன்னதென்றும் வேற்றுமை இன்னதென்றும் அறியாத பிள்ளைக்கு இவற்றை எதைக்கொண்டு விளக்குவது?

ஒலியும் அவ்வாறே. மெய்யெழுத்து தனித்து மொழிமுதலாகாது என்பது தமிழ் நெறி. ஆகவேதான் ஊர்ப்பாட்டி 'இசுகூல்' என்கிறாள். எசுப்பானியனும் இத்தகைய இடத்தில் உயிரை முன்னிட்டு 'எசுகுவேலா' என்றே பள்ளியைச் சொல்கிறான். பாட்டியைப் பார்த்துச் சிரிக்கும் பெயரன், அவள் நாவில் இலக்கணம் இருப்பதை அறியான். பள்ளி என்றே அவளைச் சொல்லவிட்டிருந்தால் இத்தொல்லையும் இல்லை.

இனி, கேட்டின் வேரைக் காண்க. ஆங்கிலம் கற்றுத் தருவதாய்ச் சொல்லும் இப்பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவருவது ஆங்கிலமன்று, பண்ணித்தமிழ். 'டிரைவ் பண்ணினான்', 'திங்க் பண்ணுகிறாள்', 'செலக்ட் ஆயிட்டான்' என்பதே அம்மொழி. ஓட்டினான், எண்ணுகிறாள், தேர்ந்தெடுக்கப்பட்டான் என்னும் செந்தமிழ் வினைகள் செத்தொழிவது ஒருபுறம் இருக்கட்டும். அதனால் ஆங்கிலமேனும் வளர்ந்ததா? ஆங்கிலத்தில் 'டிரைவ்' இறந்த காலத்தில் 'டிரோவ்' என்றும், எச்சத்தில் 'டிரிவன்' என்றும் உருத்திரியும். 'திங்க்' என்பது 'தாட்' ஆகும். அம்மொழியில் இவ்வாறு நெறிதப்பித் திரியும் வினைகள் 200 அளவில் உள்ளன. நாடோறும் வாயில் வரும் வினைகள் பலவும் அவையே. பண்ணித்தமிழிலோ ஆங்கில வினை கல்லாய்ச் சமைந்துவிடுகிறது. காலத்தையும் இடத்தையும் எண்ணையும் 'பண்ணு' என்னும் தமிழ்ச்சொல்லே சுமக்கிறது. நாள் முழுதும் நூறு முறை 'டிரைவ் பண்ணினான்' என்று சொன்ன சிறுவன், 'டிரோவ்' என்னும் வடிவை ஒருமுறையும் சொல்லான். ஆங்கில வினையைத் திரிக்கும் பயிற்சி அவனுக்கு ஒரு சிறிதும் கிட்டாது. கிட்டிவிட்டதாக எண்ணும் செருக்கு மட்டும் கிட்டும்!

பெயர்ச்சொற்களின் கதை இன்னும் கொடிது. எசுப்பானியனைப் பொய்ந்நண்பர் ஏய்ப்பது இனவுறவினால். தமிழனோ தனக்கு இல்லாத பொய்ந்நண்பரைத் தானே கூலிகொடுத்து அழைத்துவந்து வைத்துக்கொண்டான். 'ஓட்டல்' என்றால் இங்கே சோறு விற்கும் கடை. ஆங்கிலம் பிறந்த நாட்டில் அது தங்கும் விடுதி. 'கவர்' என்றால் இங்கே நெகிழிப் பை. அங்கே மூடி, உறை. 'மீல்சு' என்றால் இங்கே இலைபோட்டு இடும் அளவில்லாச் சோறு. அங்கே காலையில் தின்னும் இரண்டு அப்பத்துண்டும் அதே சொல்லால் குறிக்கப்படும். உணவகம், பை, சாப்பாடு என்று தமிழில் சொல்லிப் பழகிய பிள்ளை, ஆங்கிலச் சொல்லைப் புதிதாய், அதன் உண்மைப் பொருளோடு, கற்கும். கலந்து பழகிய பிள்ளையோ தெரிந்த சொல்தானே என்று அகரமுதலியைத் திறந்தும் பாராது. தூய தமிழ் பேசுதல் ஆங்கிலத்துக்குப் பகை என்பார், இதற்கு யாது விடை சொல்வர்?

குழந்தையை ஆங்கிலத்திலேயே மூழ்கவிட்டால் தானே நீந்தும் என்று ஒருசாரார் கூறுவர். மூழ்குதற்கு நீர் வேண்டாவா? பாப்பாரப்பட்டித் தெருவிலும் சந்தையிலும் களத்துமேட்டிலும் ஆங்கிலம் இல்லை. வகுப்பறையிலும் உண்மையான ஆங்கிலம் அரிது. அங்கே பாடம் விளக்கப்படுவது பெரும்பாலும் அதே பண்ணித்தமிழில்தான். அறிவியலும் வரலாறும் பொருள்விளங்கா வினாவிடைகளாய் நெட்டுருச் செய்யப்படுகின்றன. மேனிலை வகுப்பில் மதிப்பெண் மிகுதியாய்க் கிட்டும் என்று தமிழைக் கைவிட்டுப் பிரெஞ்சு எடுப்பாரும் உளர். அவர்க்கு எம்மொழியும் மொழியன்று, எண்.

அயன்மொழியைத் தம் மொழிவழி கற்பதே அறிவுடையார் வழி என்பதற்குத் தமிழகத்துக்கு வந்த ஐரோப்பியரே சான்று. சீகன்பால்கு எழுதிய தமிழிலக்கணம் 1716-இல் செருமனியின் ஆலே நகரில் இலத்தீனத்தில் அச்சாயிற்று. வீரமாமுனிவரின் கொடுந்தமிழிலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் இலத்தீனத்திலேயே வெளிவந்தது. போப்பையர் தமிழ் கற்பார்க்குக் கையேட்டை ஆங்கிலத்தில் எழுதினார். தமிழ் கற்க விழைந்த ஐரோப்பியர்க்கு அவர்தம் மொழியை மறக்குமாறு இவர்களுள் எவரும் சொல்லவில்லை. இப்பால், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழ் பயிற்றிய மறைமலையடிகள், ஆங்கிலத்திலும் இதழ் நடத்தினார். பாவாணர் உலகின் முதற் செம்மொழி தமிழே என நாட்டும் நூலை 1966-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தனித்தமிழின் தூண்கள் இருவர்க்கும் ஆங்கிலம் ஏவல் செய்தது. கலப்புத்தமிழ் பேசி ஆங்கிலம் வளர்த்தவர் எத்தனை பேர்?

ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழியே பயிற்றுமொழி என்று 1999-இல் தமிழக அரசு பிறப்பித்த ஆணையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தள்ளியது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழை ஒரு பாடமாக்கியது, அவ்வளவே. பின்னர் 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. தனியார் விற்ற பொய்யை அரசும் விலையின்றி வழங்கத் தலைப்பட்டது.

வேண்டுவது ஆங்கிலப் பாடத்தை நீக்குவதன்று. தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நூல் தமிழிலக்கணத்தின்மேல் நின்று தமிழில் எழுதப்பட வேண்டும். எழுவாய், பயனிலை, விகுதி, எச்சம், வேற்றுமை என்னும் அதே சொற்களைத் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் வழங்க வேண்டும். முற்பகலில் 'வந்தான்' என்பதைப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பிரித்துக் கற்ற பாப்பாரப்பட்டிச் சிறுவன், பிற்பகல் ஆங்கில வகுப்பில் எழுந்து, 'ஐயா, இந்த வினைக்கு விகுதி எங்கே போயிற்று?' என்று கேட்பான். அவ்வினாவுக்கு விடை சொல்லத்தக்க ஆசிரியர் அங்கே நிற்றல் வேண்டும்.