விற்க முடியாத வீடும் வாங்க முடியாத காணியும்

டிட்வா புயலுக்குப் பிறகு நமது தோட்டங்களில் ஒரு பேச்சு ஓயவில்லை. மலை சரிகிறது, லயம் இடிகிறது, நிர்வாகம் இடம் காட்ட மறுக்கிறது. இனி இங்கே இருந்து என்ன கண்டோம், கீழே போய் ஒரு துண்டுக் காணி வாங்கிக் குடியேறினால் என்ன? வவுனியா என்கிறார்கள் சிலர், கிளிநொச்சி என்கிறார்கள் சிலர். திருகோணமலைப் பக்கம் கடையிலும் கட்டட வேலையிலும் நிற்கும் நமது பிள்ளைகள் கிண்ணியா, குறிஞ்சாக்கேணி என்று ஊர்ப் பெயர் சொல்லிப் பேர்ச் என்ன விலை என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆசையில் பிழையில்லை. எங்கே வாழ்வது என்பது ஒவ்வொரு குடும்பத்தின் உரிமை. ஆனால் அந்தச் சந்தையில் யார் விற்கிறார், யார் வாங்குகிறார், நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரியாமல் இறங்கினால் சேமலாப நிதியும் போகும், அடகில் இருக்கும் நகையும் போகும்.

குறிஞ்சாக்கேணி கிண்ணியாவை அடுத்த ஊர். இடையில் தண்ணீர். அந்தப் பக்கத்தில் காணிக்கு விலை வைப்பது பாலம். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை திருகோணமலை நகரத்துக்குப் போகப் படகுப் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். பாலம் வந்த பிறகு நகரத்தில் வேலை செய்கிறவர் கிண்ணியாவில் குடியிருக்கலாம் என்றாயிற்று. குறிஞ்சாக்கேணிக்கு நடந்தது எதிர்மாறு. புதிய பாலம் கட்டவென்று பழையதை அகற்றினார்கள். மக்கள் படகுப் பாதையை நம்பிப் போக வேண்டியதாயிற்று. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளைகள் மாண்டார்கள். அடுத்த வருடமே நாடு பொருளாதார நெருக்கடியில் விழ, பால வேலை இழுபட்டது. எனவே "பாலம் வருது அண்ணே, விலை ஏறும்" என்று தரகர் சொல்கிற விலைக்கு இன்று காசு கொடுக்காதீர்கள். இன்றுள்ள வழிக்கு இன்றுள்ள விலை.

காணி பார்க்கப் போகிறவர் வெயில் காலத்தில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வரவும் கூடாது. மார்கழி மழையில் ஒரு தரம் போக வேண்டும். டிட்வா வந்தபோது மகாவலி பெருகிக் கிண்ணியாவிலும் மூதூரிலும் வெள்ளம் புகுந்தது. மேலே மண்சரிவுக்குப் பயந்து ஓடுகிறவன் கீழே வெள்ளத்துக்குள் வீடு கட்டலாமா? 2004 சுனாமியில் கிண்ணியா பட்ட பாட்டை அந்த ஊர்க்காரர் மறக்கவில்லை. அதன் பிறகு வடக்கு கிழக்கில் கடலோரம் 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று அரசு முதலில் சொன்னது, பின்னர் தளர்த்தியது. கட்டுப்பாடு தளர்ந்தாலும் மேட்டு நிலத்துக்குள்ள மதிப்பு குறையவில்லை.

இனி விற்கிறவர் பக்கம். கிழக்கு மாகாணத்தில், முஸ்லிம்களிடமும் சரி தமிழரிடமும் சரி, வீடு பெண்பிள்ளைக்குரியது. மகளுக்கு வீடு வளவு கொடுத்துத்தான் கலியாணம். இரண்டு மகள்மார் இருந்தால் தகப்பன் இருக்கிற வளவை இரண்டாக்குவார். மூன்று பேர் இருந்தால் வெளிநாடு போவார். ஆகவே ஊருக்கு நடுவே, மேட்டில், கிணறும் வழியும் உள்ள காணி சந்தைக்கு வருவது அபூர்வம். வெளியாளுக்கு என்று விலை சொல்லப்படுவது பெரும்பாலும் ஓரத்துக் காணி, பள்ளக் காணி, அல்லது காகிதத்தில் முடிச்சு விழுந்த காணி. விற்கிறவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. நமக்கு வளவு இருந்தால் நாமும் அதைத்தான் செய்வோம்.

வாங்குகிறவர்களில் நமக்கு முன்னால் நிற்பது வளைகுடாவில் உழைக்கும் குடும்பம். கணக்கைப் பாருங்கள். 2021இல் ஒரு சவூதி ரியாலுக்கு 53 ரூபா அளவில் கிடைத்தது. நெருக்கடிக்குப் பிறகு அதே ரியாலுக்கு எண்பது ரூபா அளவில் கிடைக்கிறது. அவருடைய சம்பளம் ஒரு ரியால்கூடக் கூடாமலே ரூபாயில் பாதி மடங்கு கூடிவிட்டது. நமக்கு? 2021இல் போராடிப் பெற்ற ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2024இல் 1350 ஆவதற்கு மூன்று வருடம் வாசலில் நின்றோம். அதற்கிடையில் ஆயிரத்தைச் சற்றே தாண்டியிருந்த சீமெந்து மூடை 2022இல் மூவாயிரத்தைத் தொட்டது. ஒரே துண்டுக் காணிக்கு அவரும் நாமும் விலை கேட்டால் யார் கையில் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

வங்கி வட்டி இறங்கிவிட்டதே என்பார்கள். உண்மைதான். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை ஏழு சதவீதப் புள்ளி உயர்த்தியது. அந்த நாட்களில் வீட்டுக் கடன் என்ற பேச்சே எழவில்லை. 2023 நடுப்பகுதியிலிருந்து வட்டி இறங்கியது, வாங்குகிறவர் திரும்பி வந்தார், விற்கிறவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் வங்கி கடன் கொடுப்பது உறுதியை ஈடு வைத்து. உறுதி இல்லாதவனுக்கு வட்டி இரண்டு வீதமாக இருந்தால் என்ன, இருபது வீதமாக இருந்தால் என்ன.

நமது ஆட்கள் ஏமாறுவதும் இந்த உறுதியில்தான். கிழக்கில் இரண்டு சந்தை நடக்கிறது: உறுதிக் காணிக்கு ஒன்று, அனுமதிப்பத்திரக் காணிக்கு இன்னொன்று. 'பேமிட் காணி' என்று சொல்வது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அரசு ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது. பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் முன்கூட்டியே இல்லாமல் அதை இன்னொருவருக்குக் கைமாற்றினால் செல்லாது. அளிப்புப் பத்திரம் பெற்ற காணிக்கும் அதே நிபந்தனை உண்டு. மலிவாகக் கிடைப்பது அதனால்தான். வெள்ளைத்தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, கிராம உத்தியோகத்தரைக் கொண்டு கையெழுத்தும் வைத்துத் தருவார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இல்லையென்றால் அந்தத் தாள் கடலை சுற்றத்தான் உதவும்.

இன்னொரு கதையும் சொல்வார்கள்: "பத்து வருசம் இருந்திட்டா உனக்குத்தான் சொந்தம்." தனியார் காணியில் அந்த வழக்குக்கு இடமுண்டு. அரச காணிக்கு எதிராக அது ஓடாது. சந்தேகம் இருந்தால் முத்துநகரைப் பாருங்கள். திருகோணமலையைச் சுற்றிப் பெருந்தொகைக் காணி 1984இல் துறைமுக அதிகார சபைக்கென்று ஒதுக்கப்பட்டது. முத்துநகரில் பல காலமாக வயல் செய்துவந்த விவசாயிகள் 2025இல் சூரிய மின்சாரத் திட்டங்களுக்காக வெளியேற்றப்பட்டுத் தெருவில் போராட நேர்ந்தது. உழுத நிலத்தின் நிலைமையே அப்படி என்றால், நேற்று வெள்ளைத்தாளில் வாங்கியவன் கதி என்ன?

நமக்கும் இது புதிதல்ல. எழுபதுகளின் பஞ்சத்துக்கும் 1977 கலவரத்துக்கும் பிறகு மலையை விட்டு வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் போன குடும்பங்களில் எத்தனையோ பேர் காகிதம் இல்லாத நிலத்தைக் காடு வெட்டிச் செப்பனிட்டார்கள். பேரப்பிள்ளை காலத்திலும் உறுதிக்கு அலைகிறவர்கள் அவர்களில் உண்டு.

இவ்வளவுக்கும் அடியில் கிடப்பது ஒரு எளிய விஷயம். உலகத்தில் வீடு வாங்கப் போகிறவன் பெரும்பாலும் இருக்கிற வீட்டை விற்றுவிட்டுப் போகிறான். நம்மிடம் விற்க ஒன்றுமில்லை. மலையகத்தின் இருநூறு ஆண்டை 2023இல் நினைவுகூர்ந்தோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா இன்னும் தோட்டத்துக்குச் சொந்தம். ஏழு பேர்ச்சில் கட்டிய வீடுகளிலும், இந்திய உதவியில் வந்த வீடுகளிலும், சாவி கிடைத்தும் உறுதி கிடைக்காத குடும்பங்கள் ஏராளம். சொந்தக் கையால் சுவர் எழுப்பி, மகன் கொழும்பில் உழைத்து ஓடு போட்ட வீட்டைவிட்டுப் போகும்போது அதற்கு ஒரு சதம் கிடைக்காது. கிழக்கில் வெறுங்கையோடு போய் நின்று, மலிவானதைத் தேடி, வெள்ளைத்தாளில் மாட்டுவது இதன் மறுபக்கம்.

வீடு முற்றாக அழிந்தவர்களுக்கு வீடு கட்ட ஐம்பது இலட்சம், அரச காணி இல்லாத இடத்தில் காணி வாங்க ஐம்பது இலட்சம் வரை என்று டிட்வாவுக்குப் பின் அரசு அறிவித்தது. தொகை பெரிது, வரவேற்கிறோம். ஆனால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நேரத்தில் காசோடு காணி தேடினால் விலை எங்கே போகும்? உதவியின் ஒரு பகுதி விற்கிறவர் பெட்டிக்குள் விழும். மலையகத்தில் அந்தக் கூத்துக்கே அவசியமில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளுக்குக் கொடுத்தது குத்தகைக்குத்தான். நிலத்தின் சொந்தக்காரர் இன்றும் அரசு. தேயிலை அற்றுப் புல் ஏறிக் கிடக்கும் நிலத்தில், கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தில்லை என்று சொல்லும் இடத்தை அளந்து உறுதியோடு கொடுக்க எந்தத் தரகரும் தேவையில்லை. லயத்தில் இருந்தவன் வீட்டுச் சொந்தக்காரன் அல்ல என்று சொல்லி ஒரு குடும்பத்தையும் அந்த ஐம்பது இலட்சத்திலிருந்து கழிக்கவும் சங்கம் விடக்கூடாது.

இவ்வளவு சொன்ன பிறகும் போகத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு: ஊழியர் சேமலாப நிதியில் பத்து வருட அங்கத்துவமும் மூன்று இலட்சத்துக்குக் குறையாத மீதியும் இருந்தால் வீட்டுத் தேவைக்கு முப்பது வீதம் முன்கூட்டிப் பெறலாம், உச்சம் இருபது இலட்சம். பத்து இலட்சம் ரூபாக் காணிக்கு முத்திரைத் தீர்வை முதல் இலட்சத்துக்கு மூன்று வீதம், மிச்சத்துக்கு நான்கு வீதம், ஆக 39,000 ரூபா; நொத்தாரிசு கூலி, அளவைக் கூலி வேறு. விற்கிறவர் சொல்லும் நொத்தாரிசை விட்டு உங்கள் ஆளை வைத்துக் காணிப் பதிவகத்தில் முப்பது வருடம் பின்னோக்கித் தேடச் சொல்லுங்கள். முற்பணம் கேட்டால் பணத்துக்கு முன்னால் உறுதியின் பிரதி கையில் வர வேண்டும். வந்ததும் அதை உங்கள் தோட்டத் தலைவரிடம் கொடுத்து மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். சந்தா வாங்கும் சங்கம் அதைச் சட்டத்தரணியிடம் காட்டிப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. அதற்கென்று ஒவ்வொரு மாவட்டக் காரியாலயத்திலும் வாரம் ஒரு நாள் ஒதுக்க வேண்டும் என்று அடுத்த மாவட்டக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன்; நீங்களும் கேளுங்கள்.