ஒரே நாளில் வாங்கிய ஜோடி
மேசைக் கணினியில் இரண்டு எஸ்எஸ்டி வட்டுகளை ரெய்டு முறையில், அதாவது ஒரே சேமிப்பகம்போல, இணைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாடலாகப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கவலையே அங்கேதான். 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டை முன்வைத்தபோது, ஒரு வட்டு பழுதாவதற்கும் அடுத்தது பழுதாவதற்கும் தொடர்பில்லை என்றே கணக்கிட்டார்கள். எஸ்எஸ்டியோ எழுத எழுதத் தேய்வது. ரெய்டு 1இல் இரண்டிலும் ஒரே தரவு எழுதப்படுவதால் தேய்மானமும் ஏறக்குறையச் சேர்ந்தே நடக்கிறது. வட்டை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் பிழை என்றால் இன்னும் மோசம். 2019 நவம்பரில், சர்வர்கள் தயாரிக்கும் ஹெச்பிஇ நிறுவனம் அப்படியொரு பிழை உள்ள தன் எஸ்எஸ்டிகளில் சிலவற்றைப் பற்றி எச்சரித்தது நினைவிருக்கலாம்: 32,768 மணி நேரம், அதாவது ஏறத்தாழ மூன்றே முக்கால் ஆண்டு ஓடியதும் அவை செயலிழக்கும், தரவையும் மீட்க முடியாது. ஒன்றாகப் பொருத்தியவை கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போகும் என்றும் அந்த அறிவிப்பே சொன்னது. அப்போது இரண்டாவது பிரதி இருந்து என்ன பயன்? வீட்டுக் கணினியிலும் வெவ்வேறு நிறுவன வட்டுகளை ஜோடி சேர்க்கலாம்; எழுதும் வேகம் மெதுவானதை ஒட்டியே இருக்கும், இருக்கட்டுமே. வேகத்துக்காக, தரவை இரண்டு வட்டுகளிலும் பிரித்து எழுதும் ரெய்டு 0 போட்டால் ஒன்று போனாலே எல்லாம் போய்விடும். குடும்பப் படங்கள் இருக்கும் கணினியில், வெளி வட்டில் தனி நகல் எடுத்து வைக்காமல் அதைச் செய்யவே கூடாது.